போட்ட பிழையும் வந்த பிழையும்

எங்கள் மூவரில் ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான். தப்பாகப் பேசுவதும் அவருடைய வேலையாகவே இருந்தது.

அவர் கல்லூரியில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிறந்தது லால்பேட்டையில். வீடு கட்டிக்கொண்டது திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன் குவைத்தில் இருக்கிறான். அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு, தானே சமைத்துக்கொண்டு, தன்னுடைய பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு திரிந்தார். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார்.

இரண்டாவது நண்பர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, மீன்வளத்துறையில் ஆய்வாளராக இருந்தவர். மூன்றாவது நான். புள்ளியியல் துறை. மாவட்டத்தில் எத்தனை கிணறு, எத்தனை மாடு, எத்தனை ஏக்கரில் மல்லாட்டை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. சம்பளம் நின்றது, எண்ணுவது நிற்கவில்லை. மாத்திரைகளை எண்ணுகிறேன், மாடிப்படிகளை எண்ணுகிறேன், எதிரே வரும் நாய்களை எண்ணுகிறேன். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மனசு அடித்துக்கொள்ளும். என் மனைவி இதை வியாதி என்கிறாள். மீன்வளத்துறைக்காரர் எனக்குக் ‘கணக்கு’ என்று பெயரே வைத்துவிட்டார்.

தினமும் காலையில் வெள்ளிக் கடற்கரையில் நடப்போம். நடக்கும்போது ஆங்கிலம் தவிர வேறு பேசக்கூடாது என்று பாய்தான் விதி போட்டார். அவருக்கு மாணவர்கள் இல்லாமல் கை அரித்தது. எங்களுக்கு அலுவலகம் இல்லாமல் பொழுது போகவில்லை. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்பதற்கு மேல் ஆங்கிலத்தில் எதையும் எழுதியதில்லை. நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஒரே வினைச்சொல்லில் ஓட்டிவிடுவேன். மீன்வளத்துறைக்காரர் இன்னும் மோசம். அவருக்கு எல்லாமே இப்போது நடந்துகொண்டிருந்தது.

பாய் பாடம் நடத்தும் முறை அந்த ஊர்ப் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். சரியான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே போவார். நடுவில் வேண்டுமென்றே ஒரு வினைச்சொல்லின் காலத்தைத் தப்பாகச் சொல்லுவார். ‘நேற்று போனேன்’ என்பதற்குப் பதிலாக ‘நேற்று போயிருக்கிறேன்’ என்பது போல. அல்லது ‘இருந்தால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் பின்பாதியை மாற்றி ஒட்டுவார். கேட்பவன் அதைப் பிடிக்க வேண்டும். பிழை போடுவது என்று அதற்குப் பெயர். “என் தப்பப் பிடிக்கணும்னா என்னக் கவனிச்சுத்தான ஆவணும்? பாடத்தக் கவனிக்கச் சொன்னா எவன் கவனிப்பான்?” என்பார். கடற்கரையிலும் அதே விளையாட்டுதான். ஒரு நடைக்கு நாலோ ஐந்தோ பிழை போடுவார். குறைவாகப் பிடித்தவர் டீ வாங்கித் தர வேண்டும்.

முதல் மாதத்திலேயே நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். பிழை போட்டதும் பாயின் நடை கொஞ்சம் தளரும். ஆள்காட்டி விரலால் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றி விடுவார். யார் பிடிக்கிறார்கள் என்று காத்திருக்கும் நேரம் அது. வாக்கியம் எனக்குப் புரியாவிட்டாலும் விரலைப் பார்த்துவிட்டு, இங்கே ஏதோ இருக்கிறது என்று தேடி எடுத்துவிடுவேன். இதை மீன்வளத்துறைக்காரரிடம் சொல்லவில்லை. பல நாள் ஓசி டீ குடித்தேன்.

வியாழக்கிழமை ‘இருந்தால்’ நாள். அன்றைக்கு நிபந்தனை வாக்கியங்கள் மட்டும்தான்.

“இஃப் ஐ கேட்ச் எ பிக் வஞ்சிரம், ஐ வில் கிவ் யூ தி ஹெட்,” என்று மீன்வளத்துறைக்காரர் ஆரம்பிப்பார். பெரிய வஞ்சிரம் மாட்டினால் தலை பாய்க்கு.

“ஹூ கெட்ஸ் தி டெயில்?” என்று பாய் கேட்பார். வால் யாருக்கு என்று.

“கணக்குக்குத்தான் வாத்தியாரே. அவரு முள்ள எண்ணிகினு ஒக்காந்திருப்பாரு.”

“தமிழ் பேசினதுக்கு ஒரு டீ. சரி, இப்ப படகு முழுகினா அப்டின்னு ஒரு வாக்கியம் சொல்லு.”

“யோவ், வாயக் கழுவு. கடலப் பாத்துகினே பேசற பேச்சா இது?”

கடைசிவரை அவர் கெட்டது எதையும் ‘இஃப்’ போட்டுச் சொன்னதில்லை. அவர் வாக்கியங்களில் வலை நிறைந்தது, பெண்ணுக்கு வரன் வந்தது, மழை அளவாகப் பெய்தது. பாய்க்கு வேறு பழக்கம். நாளை என்று தொடங்கும் எந்த வாக்கியத்துக்கும் பின்னால் இன்ஷா அல்லாஹ் சேர்ப்பார். “எங்க வீட்டுல ப்யூச்சர் டென்ஸ்னு ஒன்னு தனியா கெடையாது மச்சான். எல்லாமே கண்டிஷனல்தான்,” என்று சிரிப்பார். எனக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. கெட்டது என்றால் வருவதற்கு முன்பே நான் எண்ணி வைத்துவிடுகிற ஆள்.

இந்த வருடம் புரட்டாசி வாக்கில் பிழைகள் கூடின. நாலும் ஐந்துமாக இருந்தது ஏழாயிற்று, ஒன்பதாயிற்று. மீன்வளத்துறைக்காரருக்குக் கொண்டாட்டம். “முன்னெல்லாம் ரெண்டு புடிக்கவே நாக்கு தள்ளும். இப்ப பாரு, ஆறு! வாத்தியாரே, எனக்கு இங்கிலீஷ் வந்துடுச்சு!” என்று மணலில் குதித்தார். பாயும் கை கொடுத்தார்.

எனக்கு மட்டும் கணக்கு உதைத்தது. ஒன்பது பிழையில் கண்ணாடி ஏறியது நாலு தடவைதான். மற்ற ஐந்தும் நடை தளராமல், விரல் அசையாமல், மற்ற வாக்கியங்களோடு வாக்கியமாகப் போயின. யாராவது பிடித்துச் சொன்னால் ஒரு நொடி கழித்து, “ஆங், குட் கேட்ச்,” என்பார். அந்த ஒரு நொடிதான் எனக்குப் பிடிக்கவில்லை. தரம் வேறு மாறியிருந்தது. அவர் போடும் பிழைகள் எப்போதும் மாணவர்கள் செய்கிற பிழைகளாக இருக்கும். இப்போது வந்தவற்றில் சில, எந்த மாணவனும் செய்யாதவை. ஒரு வாக்கியத்தை நேற்றில் தொடங்கி, நடுவில் எங்கேயோ விட்டுவிட்டு, நாளையில் முடித்தார்.

ஒருநாள் முகத்துவாரம் வரைக்கும் போய்த் திரும்பும்போது இறால் வியாபாரம் பற்றிப் பேச்சு வந்தது. “மை வைஃப் டஸ் நாட் ஈட் ப்ரான்,” என்றார் பாய். என் மனைவி இறால் சாப்பிட மாட்டாள்.

“டிட் நாட்! டிட் நாட் ஈட்!” என்று மீன்வளத்துறைக்காரர் கத்தினார். “புடிச்சேன்! அண்ணி போயி மூணு வருசம் ஆவுது, டஸ் நாட் எங்க வரும்? சாப்டலன்னுதான வரணும்?”

பாய் நின்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தூரத்தில் துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் தொழிற்பேட்டையின் நெடி அடித்தது. பிறகு, “குட் கேட்ச்,” என்றார். அன்றைக்கு டீ அவரே வாங்கினார். குறைவாகப் பிடித்தவர்தான் வாங்க வேண்டும் என்பது விதி. விதியையும் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மீன்வளத்துறைக்காரரைத் தனியாக நிறுத்திச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார்.

“ஒனக்கு எல்லாத்துலயும் பயம், கணக்கு. போன மாசம் என் கணுக்கால் வீக்கத்தப் பாத்து கிட்னி போச்சுன்ன. கொசுக்கடி அது.”

“கண்ணாடிய ஏத்தறதில்ல பாரு.”

“வேர்த்தா ஏத்துவாரு, வேர்க்கலன்னா ஏத்த மாட்டாரு. மழைக்காலம் வருதுல்ல? அந்தாளு நமக்குக் கஷ்டமா போட்டுப் பாக்கறாரு, நாம தேறிட்டோம்னு. சந்தோசப்படு.”

எதையும் முன்கூட்டிப் பயந்தே பழகியவன் உண்மையான பயத்தைச் சொன்னால் எடுபடாது. அவர் சொன்னதை நம்பவும் முயன்றேன்.

அந்த வாரத்தில் குவைத்திலிருந்து மகன் என்னை அழைத்தான். சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிற பையன். இப்போது அவனுக்கே நரைத்துவிட்டது.

“மாமா, அத்தா எப்பிடி இருக்காரு? போன்ல கேட்டா நல்லாருக்கேன்றாரு. ரெண்டு தடவ கேஸ் அடுப்ப அணைக்கலன்னு பக்கத்து வூட்டுக்காரம்மா சொன்னாங்க.”

“நானும்தான் அணைக்க மறப்பேன்.”

“நீங்க மறப்பீங்களா?” சிரித்தான். உடனே குரல் இறங்கியது. “நீங்க தெனம் பாக்கறீங்க. ஒரு வார்த்த சொன்னா போதும் மாமா. வூட்டப் பூட்டிட்டு இங்க கூட்டிட்டு வந்துடுவேன். அவரு ஒத்துக்க மாட்டாரு, தெரியும். நீங்க சொன்னாத்தான் எனக்கும் தைரியம்.”

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை என்றான். அந்த ஒரு வார்த்தையில் பாயின் வீடு பூட்டப்படும், கார் விற்கப்படும், கடற்கரை நின்றுபோகும். ஏழாவது மாடியிலோ பத்தாவது மாடியிலோ ஒரு ஏசி அறையில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லாவிட்டால் அந்த அடுப்பு இருக்கிறது, கார் இருக்கிறது. இரண்டையும் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியை, பாயின் பழைய மாணவி. ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி, காலையில் காலங்கள், மதியம் நிபந்தனை வாக்கியங்கள், சார்தான் நடத்த வேண்டும் என்றார். பாய் இரண்டு நாள் சின்னப்பையன் மாதிரித் தயார் செய்தார். என்னையும் வரச் சொன்னார். மீன்வளத்துறைக்காரருக்கு அன்றைக்குச் சொந்தத்தில் கல்யாணம்.

முதல்நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் கடலை மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது.

“பிழையப் புடிக்கற டீச்சருக்கு ஒரு மிட்டாய். பன்னெண்டு பிழை போடப் போறேன். பன்னெண்டே பன்னெண்டு எண்ணி இந்தப் பையில போடு மச்சான். ஒன்னு கூட ஜாஸ்தி வேணாம். மிட்டாய் தீந்துச்சுன்னா காலைப் பாடம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

எண்ணிப் போட்டேன். மறுபடி எண்ணினேன்.

காலையில் அவரே கார் ஓட்டினார். நான் பக்கத்தில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் எல்லாம் ஒழுங்காகக் கடந்தோம். வெள்ளாற்றுப் பாலத்தில் எதிரே லாரி வந்தபோது நிதானமாக ஒதுங்கிக் கொடுத்தார். வானம் மூடியே இருந்தது. வீணாகப் பயந்துவிட்டோமோ என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கூடத்தில் இருபத்தாறு ஆசிரியர்கள். பெரும்பாலும் பெண்கள். நான் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தேன். பாய் விளையாட்டை விளக்கி, மிட்டாய்ப் பையை உயர்த்திக் காட்டினார். கூடம் சிரித்தது. இரண்டாவது நிமிடத்தில், “ஐ ஹேவ் சீன் யுவர் ஸ்கூல் எஸ்டர்டே,” என்றார். விரல் கண்ணாடியை ஏற்றியது. முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. “சார், ஐ சா! எஸ்டர்டேன்னா ஹேவ் வராது!” முதல் மிட்டாய் போயிற்று. அரை மணி நேரத்துக்கு நான் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. பழைய பாய் அங்கே நின்றார். கடிகாரத்தை வைத்து, கோயில் தேரை வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனை வைத்துக் காலங்களைப் பிரித்துக் காட்டினார்.

நான் இடது கை விரல்களில் அவர் போட்ட பிழைகளையும், வலது கையில் மற்றவற்றையும் எண்ணினேன். பதினொரு மணிக்கு இடது கையில் ஐந்து, வலது கையில் ஒன்று. அதன்பிறகு வலது கை வேகமாக ஓடத் தொடங்கியது. ஆசிரியைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒருவரை முந்திக்கொண்டு ஒருவர் எழுந்தார்கள். “சார், வாஸ்!” “சார், ஹேட் பீன்!” “சார், இது செம ட்ரிக் சார்!” ஒவ்வொரு தடவையும் கைத்தட்டல். பாய் சிரித்துக்கொண்டே மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். இப்போது அவருடைய நடை எங்கேயும் தளரவில்லை. கண்ணாடி மூக்கின் நடுவில் இறங்கி அங்கேயே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு முன்பே, நெற்றியில் விபூதி வைத்த ஒரு இளம் ஆசிரியர் எழுந்து ஒரு பிழையைச் சொன்னார். பாய் பைக்குள் கையை விட்டார். கை உள்ளே துழாவியது. வெளியே எடுத்து, பைக்குள் பார்த்தார். அது காலியாக இருந்தது.

“சார், எனக்கு மிட்டாய்?” என்றார் அந்த ஆசிரியர்.

எல்லோரும் சிரித்தார்கள். பாய் தலையை நிமிர்த்தி, இருபத்தாறு தலைகளையும் தாண்டி என்னைப் பார்த்தார். எண்ணித்தானே போட்டாய் என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். எண்ணித்தான் போட்டேன். அந்தப் பார்வை என் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. அதில் கேள்வி மெல்ல மெல்ல வடிந்து போவதைப் பார்த்தேன்.

“உங்களுக்குக் கடன்,” என்றார் அந்த ஆசிரியரிடம். தன் கைக்குறிப்பை மூடினார். “லஞ்ச் பிரேக்.”

சாப்பாட்டில் இட்லியும் கொத்சுவும், எலுமிச்சை சாதமும். தலைமையாசிரியை எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். “சார் கொஞ்சங்கூட மாறல. எங்க காலத்துல இவ்ளோ போட மாட்டீங்க. இப்ப ரொம்பத் தாராளம்,” என்றார். பாய், “வயசாச்சுல்லம்மா,” என்றார். தலைமையாசிரியை அதையும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். பாய் இரண்டாவது இட்லியைத் தொடவில்லை.

மதியம் அவர் பேசவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இனிமே நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்,” என்றார். ஒவ்வொருவராக எழுந்து ‘இருந்தால்’ வாக்கியம் சொன்னார்கள். மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை. நான் முதலமைச்சராக இருந்தால். சீக்கிரம் கிளம்பியிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன். ஒவ்வொன்றுக்கும் பாய் தலையசைத்து, “கரெக்ட்,” என்றார். ஒரு அம்மாள் பின்பாதியைத் தெளிவாகத் தப்பாகச் சொன்னார். எனக்கே தெரிந்தது. பாய், “கரெக்ட்,” என்றார். முன்வரிசையில் ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். சால்வை போர்த்தி, படம் எடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

திரும்பும்போதும் அவரே ஓட்டினார். தூறல் பிடித்திருந்தது. வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது. முட்லூர் சந்திப்பு வந்ததும் பாய் காரை நடுச் சாலையில் நிறுத்தினார். இடது பக்கம் புவனகிரி, வலது பக்கம் பரங்கிப்பேட்டை, நேராகக் கடலூர். காலம் காலமாகப் போய்வந்த சாலை. பின்னால் பஸ்காரன் ஒலியெழுப்பினான்.

“எந்தப் பக்கம் மச்சான்?”

“நேரா,” என்றேன்.

“தெரியும். நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்.”

வண்டி நகர்ந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன்: “நீங்க கண்ணாடிய ஏத்தி விடலையே பாய்.”

“என்னது?”

“பிழை போட்டா கண்ணாடிய ஏத்தி விடுவீங்க. ஆரம்பத்துலேர்ந்து. அத வச்சுத்தான் நான் கண்டுபிடிப்பேன். இப்ப ஏத்தல.”

அவர் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன.

“அப்ப ஒனக்கு எல்லாம் தெரியும்.”

“கொஞ்ச நாளா.”

“இன்னிக்கு எத்தன?”

“பத்தொம்பது. யாரும் புடிக்காததையும் சேத்து.”

“நான் போட்டது?”

“ஆறுதான் பாய். கண்ணாடி ஏறினது ஆறு.”

“பன்னெண்டு எழுதி வச்சிருந்தேன்.” அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது. “அப்ப ஆற போடவே மறந்துட்டேன். பதிமூணு தானா வந்திருக்கு.” கொஞ்சம் பொறுத்து, “நிக்கும்போது எனக்குத் தெரியல மச்சான், எது நான் போட்டது, எது தானா வந்ததுன்னு. அந்தப் பொண்ணுங்க கை தூக்கினப்ப எல்லாம் நான் போட்டதுன்னே நெனச்சேன். பை காலியானப்பதான்...” என்று நிறுத்தினார்.

தூறல் வலுத்தது. சாலைக்கு அந்தப்பக்கப் பள்ளிவாசலில் அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்:

“நம்ம தெருவுல என்ன சொல்றாங்க தெரியுமா? பாய் இப்பல்லாம் அஞ்சு வேளையும் பள்ளிவாசலுக்கு வந்துடறாரு, பெரிய தொழுகையாளி ஆயிட்டாருன்னு. வூட்டுல தனியாத் தொழுதா எத்தனாவது ரக்அத், அதான் எத்தனாவது சுத்துன்னு விட்டுப்போவுது மச்சான். மூணா, நாலா? மறுபடி மொதல்லேர்ந்து. அங்க போனா இமாம் பின்னாடி நின்னுக்கலாம். அவரு குனிஞ்சா நானும் குனிவேன். ரமலான்லேர்ந்து இப்பிடித்தான்.”

ரமலான் என்றால் விரல் அசையாத பிழைகளை நான் கவனிக்கத் தொடங்கியதற்குப் பல மாதம் முன்பு. நான் எண்ணத் தொடங்கும்போதே கணக்கு பாதி கடந்திருந்தது.

“பையன் ஒனக்குப் போன் பண்ணானா?”

“பண்ணான்.”

“என்ன சொன்ன?”

“ஒன்னும் சொல்லல.”

“ஏன்?”

“வூட்டப் பூட்டிடுவான் பாய்.”

அவர் கதவை முழுதாகத் திறந்தார். இறங்கிப்போய்த் தொழுதுவிட்டு வந்தார். அந்த நேரம் முழுவதும் நான் பள்ளிவாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர்களை எண்ணினேன். பதினேழாவது ஆளாக வந்தார். படியில் நின்று சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். காரைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆன நேரத்தில் நான் கையை ஆட்டவா வேண்டாமா என்று தவித்துப்போனேன். கடைசியில் ஆட்டினேன்.

உட்கார்ந்ததும் போனை எடுத்தார். மகனுக்கு அவரே போட்டார்.

“அத்தாதான். லீவு கெடைக்குமா ஒனக்கு?... இல்ல, கீழ எல்லாம் விழல. நல்லாத்தான் இருக்கேன்... இல்லப்பா, நீ வா. வந்து என்னைக் கூட்டிட்டுப் போ... ஆமா, நாந்தான் சொல்றேன். மாமா ஒன்னும் சொல்லல, அவரப் போயி கேக்காத.” மகன் ஏதோ சொன்னான். “வெள்ளிக்கிழமையா? சரி. இன்ஷா அல்லாஹ்.”

சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். எனக்குச் சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. டீக்கடைக்காரர் ஒரு டிரைவரைப் பிடித்துக் கொடுத்தார். தன் காரின் பின்சீட்டில் பாய் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எந்தக் கைப்பிடியைப் பிடிப்பது என்று தெரியாமல் சால்வையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கடற்கரையில் மீன்வளத்துறைக்காரர் கல்யாணக் கதையோடு வந்தார். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகுகளை எல்லாம் மேட்டுக்கு இழுத்து வைத்திருந்தார்கள். அலை வழக்கத்தைவிட உள்ளே வந்து போயிற்று. பாய் நடக்க ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டார், அதுவும் தமிழில்.

“இன்னியிலேர்ந்து நான் பிழை போடறதில்ல. இனிமே வர்றதெல்லாம் தானா வர்றது.”

“அப்ப ஆட்டம் எப்பிடி வாத்தியாரே?” என்று சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்தார். கணுக்கால் வீக்கத்துக்கு நான் பயந்தபோது என்னைக் கேலி செய்த மனிதர், பாயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். அந்தக் கையைக் கடைசிவரை எடுக்கவில்லை.

நடந்தோம். பாய் ஆங்கிலத்தில் பேசினார். மகன் பிறந்தபோது பெய்த மழையைப் பற்றிச் சொன்னார். பிழைகள் வந்தன. யாரும் பிடிக்கவில்லை. நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. அன்றைக்கு எட்டு. அடுத்த நாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. அந்த நாள்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. ஏனென்றால் அன்று அவர் அநேகமாகப் பேசவே இல்லை. முகத்துவாரம் வரை கடலைப் பார்த்தபடியே வந்தார்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “வென் இஸ் மை சன் கமிங்?” மகன் எப்போது வருகிறான் என்று. “ஃப்ரைடே,” என்றார் மீன்வளத்துறைக்காரர்.

நூறடி போவதற்குள் அதே கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன், வெள்ளிக்கிழமை என்று.

டீக்கடைக்கு வந்து உட்கார்ந்ததும் மூன்றாவது தடவையாகக் கேட்டார். காலம் சரி, வினை சரி, சொற்களின் வரிசை சரி. மீன்வளத்துறைக்காரர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என்னைப் பார்த்தார். நான் வெள்ளிக்கிழமை என்று இன்னொரு தடவை சொன்னேன்.